எட்டும் ஒன்பதும் இல்லாத பெட்டி

கமலாதேவி குடையை விரித்தால் கடையில் கதை நின்றுவிடும்.

மழைக்கு விரிக்கிற குடை அல்ல அது. உட்துறைமுக வீதியில், மூதூர் வள்ளம் வந்து கட்டுகிற இறங்குதுறைக்கு எதிரே இருக்கிறது அவளுடைய புருசன் குணரத்தினத்தின் தேத்தண்ணிக் கடை. மத்தியானம் திரும்பினால் போதும், துறைமுகத் தண்ணீர் வெயிலை அப்படியே வாரிக் கடைக்குள் கொட்டும். அந்த வெளிச்சத்தில், பின்சுவரோடு நிற்கிற போளைப்பெட்டியின் எண்களைப் பார்க்க வேண்டுமென்றால், யாராவது ஒரு கறுப்புக் குடையை அதன் நெற்றிக்கு மேலே பிடித்து, தன் தலையையும் உள்ளே கொடுத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த யாராவது எப்போதும் கமலாதேவிதான். குடை அவளுடையது. ஒரு குடைக்குள் ஒரு தலைதான் போகும். தெருவில் எத்தனையோ பேர் எத்தனையோ விதமாக அதிகாரம் பண்ணிப் பார்த்திருக்கிறார்கள். குடைக்குள் தலையை விட்டு அதிகாரம் பண்ணியவள் இவள் ஒருத்திதான்.

போளைப்பெட்டி என்பது தெரு வைத்த பெயர். கண்ணாடி போட்ட நீட்டு மேசை ஒன்று, சற்றே சரிந்து நிற்கும். ஒரு கம்பியை இழுத்து விட்டால் போளை என்கிற இரும்புக் குண்டு ஒன்று சீறிக்கொண்டு மேலே போய், மணிகளிலும் தூண்களிலும் மோதி மோதிக் கீழே உருண்டு வரும். அது ஓட்டைக்குள் விழாமல் இரண்டு பக்கத்துப் பொத்தான்களையும் அமத்தி, இரண்டு சின்னத் தகடுகளால் திருப்பி அடிக்க வேண்டும். துறைமுகத்து ஆட்கள் அந்தத் தகடுகளைத் துடுப்பு என்றார்கள். மோதுகிற ஒவ்வொரு மோதலுக்கும் எண் ஏறும். எண் ஏறுவது, மேசைக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கிற பலகையில் செம்மஞ்சள் வெளிச்சமாகத் தெரியும். தெரிய வேண்டும். நான்கு பேருக்கென்று நான்கு இடத்தில் எண்கள் இருந்தும் மூன்று முழுக்குருடு. மிஞ்சிய ஒன்று காய்ச்சல்காரன் கண் மாதிரிக் கிடந்தது.

வெளிநாட்டுக் கப்பல் ஒன்றைத் துறைமுகத்தில் திருத்தியபோது மாலுமிகளின் அறையைக் காலி பண்ணி இந்தப் பெட்டியை வெளியே போட்டார்களாம். வயரும் பிளக்கும் உள்ள எதைக் கண்டாலும் குணரத்தினத்தின் கை சும்மா இருக்காது. குளிர்சாதனப் பெட்டி வருகிறதென்று வாசலில் நின்ற கமலாதேவி, உழவு இயந்திரப் பெட்டியில் நான்கு கால்களை ஆகாயத்துக்குக் காட்டிக்கொண்டு இது வந்து இறங்கியதைப் பார்த்தாள். அன்றைக்கு அவள் கதைத்த கதையை இறங்குதுறை வரைக்கும் கேட்டார்கள். பிறகு குடை கையில் வந்ததும் அவளுக்கும் பெட்டிக்கும் ஒத்துப் போய்விட்டது.

பெட்டியைப் பற்றித் தெருவில் ஒரு நம்பிக்கையும் இருந்தது. அதில் எட்டும் ஒன்பதும் வராது. வந்த நாளிலிருந்து கமலாதேவி ஒருமுறைகூட எட்டு என்றோ ஒன்பது என்றோ வாசித்ததில்லை. அதற்கு விளக்கம் சொன்னவர் குணரத்தினம்.

“எட்டு சனியன்ர எண். ஒன்பது செவ்வாய். கடல்ல போறவன் அது ரெண்டையும் ஏத்துவானே? கழட்டிப்போட்டுத்தான் செய்விச்சிருப்பான்.”

“அப்ப உங்கட காசு லாச்சிக்கையும் எட்டு, ஒன்பது இல்லையா முதலாளி?” என்று கேட்டான் முனாப். “மிச்சம் தரக்குள்ள அது ரெண்டும்தானே காணாமப் போகுது.”

முனாப் மூதூர் வள்ளத்துக்கு ஆள் கூப்பிடுகிறவன். வள்ளம் புறப்படும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் பால் விடாத ஒரு பிளேன்ரீயோடு இந்தக் கடையில்தான் இருப்பான். பெட்டியில் ஆகக் கூடின எண் அவனுடையதுதான். அதைக் கேட்காதவனுக்கும் சொல்லுவான்.

கமலாதேவியின் தம்பி பிரகலாதன் அந்தப் பெட்டிக்குக் கிட்ட வந்தது தற்செயல். அவன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினவன். சம்பந்தம் பேசிப் பேசியே வயதுபோய், ஒரு நாள் கிரேனிலிருந்து இறங்கும்போது படியிலேயே பாரிசவாதம் வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கிடந்து எழும்பி, லிங்கநகரில் தமக்கை வீட்டு முன்னறைக்கு வந்தான். கால் திரும்பி வந்தது. கை பாதி வழியில் நின்றுவிட்டது. அமத்திப் பழகச் சொல்லி ஆஸ்பத்திரியில் கொடுத்த ரப்பர் பந்தை இரண்டு நாள் அமத்திவிட்டு, ஊருக்குள் ஆடுமாடுபோலத் திரிகிற மான்களில், வேலியால் தலையை நீட்டிய ஒன்றுக்கு எறிந்தான். மான் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. அவனும் போய்ப் படுத்துவிட்டான். அதற்குப் பிறகு சவரம் இல்லை, சிரிப்பு இல்லை, கேட்டதற்கு மறுமொழி இல்லை.

வீட்டில் தனியே விடப் பயந்து கமலாதேவி அவனைக் கடைக்குக் கூட்டி வந்தாள். வந்தவன் ஒரு நாள் வெறுமனே பெட்டிக்கு முன்னால் போய் நின்று கம்பியை இழுத்துவிட்டான். இடப்பக்கத்துத் துடுப்பு அசையவே இல்லை; போளை அதைக் கடந்து, நல்ல மரியாதையாக ஓட்டைக்குள் போனது. எல்லாப் போளையும் அப்படியே. முனாப் தன் பிளேன்ரீக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டான். கமலாதேவி குடையைப் பிடித்து உள்ளே பார்த்தாள். பன்னிரண்டாயிரத்துச் சொச்சம். பெட்டி தானாகவே கொடுக்கிற எண் அது. சும்மா நின்றாலும் அவ்வளவு வரும்.

“இருபத்திரண்டாயிரம்” என்றது அவளுடைய வாய்.

அவள் யோசித்துச் சொன்னதல்ல; சொன்ன பிறகுதான் யோசித்தாள். ஆனால் பிரகலாதன் இன்னொருமுறை கம்பியை இழுத்தான். அதோடு யோசனையும் முடிந்துவிட்டது.

ஒரு முறை கூட்டினால் அடுத்த முறை குறைக்க ஏலாது. அது கமலாதேவிக்குப் பிறகுதான் விளங்கியது. முப்பதைப் பார்த்து நாற்பது என்றாள். ஐம்பதைப் பார்த்து எழுபது என்றாள். பிடிபடாமல் இருக்க ஒரு ஒழுங்கும் வைத்திருந்தாள்: எட்டும் ஒன்பதும் வாயில் வரக்கூடாது. பெட்டியில் இல்லாத எண்ணைச் சொன்னால் முனாப் விடுவானா? ஆகவே எவ்வளவு மனம் இரங்கினாலும் ஏழோடு நிறுத்திக்கொள்வாள். பொய்யிலும் கணக்கான மனுசி.

எண் ஏற ஏறத் தம்பியும் ஏறினான். சாரத்தைத் தானே இறுக்கிக் கட்டினான். றால் உரித்தான். பேப்பரை இடது கையால் பிடித்துக்கொண்டு வலது கையால் பக்கம் திருப்பினான். தெரு எல்லாவற்றையும் கவனித்தது. றால் உரித்ததைச் சீனன்குடா வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. உண்மையில் அந்தக் கை கொஞ்சம் கெட்டிக்காரக் கையாகத்தான் வந்துகொண்டிருந்தது. எவ்வளவு என்றுதான் யாருக்கும் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவள் குடைக்குள் இருந்தாள்.

அப்படியிருக்கையில் துறைமுகத்திலிருந்து ஆள் வந்தான். வியாழக்கிழமை கையைச் சோதித்துப் பார்ப்பார்கள், கிரேனில் ஏற்றி. வந்து தேறினால் வேலை, இல்லாவிட்டால் நோயென்று சொல்லி நிரந்தரமாக வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இதே ஆள் முன்பு இரண்டு முறை வந்தபோது பிரகலாதன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவன். இந்த முறை வாசலுக்கே போய், “வாறன் எண்டு சொல்லுங்கோ” என்றான்.

“யோசிச்சுத்தான் சொல்லுறியா தம்பி?” என்று கேட்டாள் கமலாதேவி.

“இதில என்ன யோசிக்கிறது அக்கா? கை வந்திட்டுது. நம்பர் சொல்லுதுதானே.”

நம்பர் சொல்லவில்லை, அக்காதான் சொன்னாள். அன்றிரவு அவள் அவித்த மரவள்ளியில் உப்பில்லை. மறுநாள் உப்பு இரண்டு தரம் விழுந்தது. கண்ணை மூடினால் சீமெந்து மூடைகள் ஆகாயத்தில் ஆடின. கீழே யாரோ பெற்ற பிள்ளைகள் நின்றார்கள். மேலே அவளுடைய தம்பி, அவள் கூட்டிக் கொடுத்த இருபதாயிரத்தை நம்பி, ஒரு நெம்புகோலைப் பிடித்துக்கொண்டு இருந்தான். அல்லது யாருக்கும் ஒன்றும் ஆகாது. எல்லார் கண் முன்னாலும் கை நடுங்கி அவன் இறங்கி வருவான். வந்து சுவர்ப்பக்கம் திரும்புவான். இனி எந்தக் குடையும் அவனைத் திருப்பாது.

திங்கட்கிழமை குணரத்தினம் ஒரு பெண்பிள்ளையைக் கூட்டி வந்தார். பெயர் ரிப்கா. மத்திய வீதியில் கடை வைத்து வள்ளக்காரர்களின் மீன் காட்டுகிற கருவி, மீன் நிறுக்கிற மின்தராசு எல்லாம் திருத்துகிறவள். ஸ்கூட்டியை மான்களுக்கு நடுவில் நிறுத்திவிட்டு, ஒரு பையோடு உள்ளே வந்தாள்.

“இவவை ஏன் கூட்டி வந்தனீங்கள்?” கமலாதேவி புருசனை அடுப்பிருக்கிற குசினிப் பக்கம் இழுத்தாள்.

“நம்பர் மங்கிப் போய்க் கிடக்கு. திருத்தினா உல்லாசப் பயணியளும் வந்து விளையாடுவினம். எத்தினை நாளைக்கு நீர் குடையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறது?”

“எனக்குக் கை நோகேல்ல.”

“கை நோகேல்ல. வாய்தான் நோகும்” என்றார் குணரத்தினம். சும்மா சொன்னதுதான், அவருக்கு ஒன்றும் தெரியாது. அப்படியிருந்தும் கமலாதேவி சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

ரிப்கா பெட்டியின் தலையைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். முனாப் பிளேன்ரீயோடு பக்கத்தில் போய்ப் பார்வையிட்டான்.

“கை வெச்சிராதீங்க நானா” என்றாள் ரிப்கா. “இது சாதாரண பல்ப் இல்ல. ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல ஒரு வாயுவ அடைச்சு வெச்சிரிக்கி. அது நெருப்பு நிறத்துல எரியணும்னா நல்ல வோல்ற் வேணும். இப்ப வாறது காணாது. அதான் மங்கல்.”

“கூட்டிக் குடுக்கிறதுதானே?” என்றான் முனாப்.

கமலாதேவி கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டாள்.

“கூட்டலாம்” என்றாள் ரிப்கா. “அளவுக்கு மிஞ்சிக் கூட்டினா கண்ணாடி செத்து மையத்துத்தான். ஏன் மங்கிச்சுன்னு பாத்து அதைத் திருத்தணும், சும்மா கூட்டிக் குடுக்கப்படாது. இல்லாட்டி இதைக் கழட்டிட்டுப் புது எல்.ஈ.டி. போடலாம். வெளியில இரிந்து எடுப்பிக்கணும். ஒரு மாசம் செல்லும்.”

ஒரு மாசம்! கமலாதேவிக்கு உயிர் வந்தது. ரிப்காவுக்குக் கதிரை போட்டாள், வடை வைத்தாள், பழையதில் எவ்வளவு ஆபத்து, புதியதில் எவ்வளவு அழகு என்று, அதுவரை எல்.ஈ.டி. என்ற பெயரையே கேட்டிராதவள், அரை மணித்தியாலம் பிரசங்கம் பண்ணினாள். குணரத்தினத்துக்குப் பழைய செம்மஞ்சள்தான் விருப்பம். ஆனால் மனைவி ஒரு காரியத்தில் இவ்வளவு அக்கறை காட்டினால் விட்டுக்கொடுத்துவிடுவது என்று அவர் கலியாணமான முதல் வருடமே தீர்மானித்தவர். “சரி, புதுசே போடுவம்” என்றார்.

ரிப்கா பையைக் கட்டுகிற நேரம் பிரகலாதன் வந்து விளையாட நின்றான். துடுப்புகள் படபடவென்று அடித்தன. கடைசிப் போளை விழுந்ததும் கமலாதேவி குடையை விரித்தாள். ஐம்பத்தாறாயிரம்.

“எழுபத்தாறாயிரம்.”

“பாத்தீங்களே?” பிரகலாதன் இடது கையை விரித்து மூடிக் காட்டினான். ஒரு விரல் மற்றவற்றுக்குப் பிந்தி மடிந்தது. “வியாழக்கிழமை பெரிய கிரேன்லயே ஏத்தச் சொல்லிக் கேக்கப் போறன் அக்கா. சின்னனில ஏத்தினா அவையள் பிறகும் சந்தேகப்படுவினம்.”

அந்தப் பிந்தின விரலைக் கமலாதேவி பார்த்தாள். குடையை மடிக்காமலே வெளியில் ஓடினாள். ரிப்கா ஸ்கூட்டியை இயக்கிவிட்டிருந்தாள்.

“பிள்ளை, நில்லு! புதுசு வேண்டாம். உள்ளதைத் திருத்து. வியாழனுக்கு முன்னம் திருத்து.”

“அன்ரி, இப்பதானே நீங்க—”

“நான் அப்பிடித்தான் கதைப்பன். நீ புதன்கிழமை வா.”

அதன் பிறகு தம்பிக்குச் சொல்ல வேண்டும். செவ்வாய்க்கிழமை சொல்ல நினைத்தாள். அன்றைக்கு அவன் வீட்டில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு சவரம் பண்ணினான். புதன்கிழமை ரிப்கா வந்து, பெட்டியின் தலையைத் திறந்து, ஈயம் உருக்குகிற வாசனை கடை முழுவதும் பரவிய பிறகுதான் அவனைக் குசினிக்குள் கூப்பிட்டாள். தேங்காய் துருவிக்கொண்டே சொன்னாள். முகத்தைப் பார்க்காமல் இருக்கத் தேங்காய் உதவியாக இருந்தது.

“தம்பி, நான் உனக்கு நம்பர் கூட்டித்தான் சொன்னனான்.”

“என்ன?”

“உள்ளது சொல்லேல்ல. கூட்டிச் சொன்னனான். துவக்கத்தில இருந்தே.”

“எவ்வளவு கூட்டினீங்கள்?”

“பார்த்துப் பார்த்துத்தான். பத்து... இருபது. நீ மனமொடிஞ்சு போயிடுவாய் எண்டு—”

“அப்ப இவ்வளவு நாளும் நான் மெசினோட விளையாடேல்ல. உங்களோட விளையாடினனான்.” அவன் குரல் உயரவில்லை, உயர்ந்திருந்தால் அவளுக்குச் சுகமாக இருந்திருக்கும். “நாளைக்கு ஆக்களுக்கு மேலால சாமான் தூக்கப் போறனான் அக்கா. அதுக்கும் நீங்கள்தான் கீழ நிண்டு நம்பர் சொல்லுவீங்களோ?”

அவன் கடையைக் கடந்து, வீதியைக் கடந்து, இறங்குதுறைக் கட்டில் போய் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தான். கடையில் இருந்தவர்கள் ஒருவரும் ஒன்றும் கேட்காதவர்கள்போல இருந்தார்கள். அதாவது எல்லாரும் கேட்டிருந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து ரிப்கா, “முடிஞ்சு!” என்றாள். ஊதிப்போன கெப்பாசிற்றர் ஒன்றைக் கழற்றிப் புதியதைப் போட்டாயிற்று. ஒரு பொடி ஆணியை மில்லிமில்லியாகத் திருகி, கையில் வைத்திருந்த அளவுமானியையும் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்தாள். எண்கள் சிவந்தன. பிறகு மஞ்சளாகக் கொழுந்துவிட்டன. வெயில் நேராக முகத்தில் அடிக்கிற மத்தியானத்தில், குடையுமில்லாமல், கடை வாசலில் நின்று பார்த்தாலும் தெரிந்தது. குணரத்தினம் மீசையைத் தடவிக்கொண்டார். அவரே திருத்தியதுபோல.

“இரிங்க, பரிசோதனை ஒன்டு இரிக்கி” என்றாள் ரிப்கா. “காசு போடுற கதவுக்குள்ள ஒரு பொத்தான். அமத்தினா பூச்சியத்தில இரிந்து எல்லா நம்பரையும் தானாக் காட்டும்.”

அமத்தினாள். வரிசை முழுவதும் பூச்சியம். பிறகு ஒன்று. குணரத்தினம் சத்தமாக எண்ணத் தொடங்கினார். அவர் எண்ணாவிட்டால் மெசின் நின்றுவிடும் என்று நினைத்திருக்க வேண்டும்.

“நாலு... அஞ்சு... ஆறு... ஏழு... ஆறு... அஞ்சு...”

எண்ணுவதை நிறுத்திவிட்டு அவர் ரிப்காவைப் பார்த்தார். மெசின் மறுபடி பூச்சியத்துக்குப் போய்விட்டது.

“ஏழு வரைக்கும் ஏறிப்போட்டு இறங்குது” என்றார். “நான் சொன்னனான்தானே, எட்டும் ஒன்பதும் இல்லையெண்டு. சனியும் செவ்வாயும்—”

“சும்மா இரிங்க முதலாளி” என்றான் முனாப்.

ரிப்காவின் முகம் விழுந்துவிட்டது. முடிந்தது என்று சொன்ன வாய். மறுபடி பொத்தானை அமத்தி, மூக்கு கண்ணாடியில் முட்டுகிற அளவுக்குக் கிட்டப் போனாள். நாலு, அஞ்சு, ஆறு, ஏழு, ஆறு, அஞ்சு.

“சீ!” என்றாள். “மங்கலுக்குள்ள இதை நான் கவனிக்கல்ல. ஒவ்வொரு நம்பரும் ஏழு கோட்டால ஆனது அன்ரி. இதுல மேல, வலப்பக்கத்துக் கோடு செத்துக் கிடக்கு. எட்டுல அந்தக் கோட்டை எடுத்தா என்ன?” விரலால் காற்றில் வரைந்தாள். “ஆறு. ஒன்பதுல எடுத்தா அஞ்சு. மத்த நம்பரெல்லாம் அந்தக் கோடு இல்லாம மூளியாத் தெரிஞ்சாலும் இன்னதுன்னு விளங்கும்.”

கமலாதேவி வாசலில், தேங்காய்ப்பூ ஒட்டின கையோடு நின்றாள்.

“அப்ப அஞ்செண்டு தெரிஞ்சது ஒன்பதாவும் இருக்குமோ பிள்ளை?”

“இரிக்கும். அஞ்சாவும் இரிக்கும். யாருக்குத் தெரியும்?”

“ஆறெண்டு தெரிஞ்சது...”

“எட்டாவும் இரிக்கும்.”

ஐம்பத்தாறாயிரம். திங்கட்கிழமை குடைக்குள் பார்த்த அந்த எண்ணைக் கமலாதேவி தானும் காற்றில் விரலால் வரைந்து பார்த்தாள். தொண்ணூற்றெட்டாயிரம். அவள் மனமிரங்கி, பயந்து பயந்து, தம்பிக்கென்று அள்ளிக் கொடுத்தது எழுபத்தாறு. அவனுடையதில் இருந்தே எடுத்து, மிச்சத்தைத் தன்னுடைய கொடை என்று கொடுத்திருக்கிறாள். ஒருவேளை. எல்லா நாளும் அப்படி என்றும் சொல்ல ஏலாது. பன்னிரண்டு எந்தக் கோட்டைப் போட்டாலும் பன்னிரண்டுதான். எது பொய், எது குறைந்த பொய் என்று இனிப் பிரித்துப் பார்க்க முடியாது என்பது விளங்கியதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு மூக்கும் ஒழுகியது. தேங்காய்ப்பூக் கையால் துடைத்துக்கொண்டாள்.

முனாப் ஏற்கனவே வீதியைக் கடந்துவிட்டான். மூதூருக்கு ஆள் கூப்பிடுகிற தொண்டை அது. இறங்குதுறையில் இருந்து சொன்னது கடைக்குள்ளேயே கேட்டது.

“எழும்பி வாங்க பிரகலாதன்! உங்கட அக்காவுக்குப் பொய்யும் ஒழுங்காச் சொல்லத் தெரியல்ல!”

பிரகலாதன் வருவதற்குள் ரிப்கா செத்துப்போன ரெசிஸ்டரைக் கண்டுபிடித்து மாற்றிவிட்டாள். இந்த முறை முடிந்தது என்று சொல்லவில்லை. மூன்று தரம் பரிசோதனை ஓடவிட்டாள். கடையில் இருந்த எல்லாரும் கோயில் தீபாராதனை பார்க்கிறவர்கள்போலப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஏழு, எட்டு, ஒன்பது. போன வருடத்தில் தங்கள் எண்ணில் ஐந்தும் ஆறும் இருந்தவர்கள் எல்லாரும் அந்த இடத்திலேயே பெரிய ஆட்டக்காரர்களாகிவிட்டார்கள். முனாப்புக்கு மட்டும் முகம் சரியில்லை. அவனுடைய பெரிய எண் முழுவதும் ஏழு. எந்தக் கோட்டைச் சேர்த்தாலும் ஏழு ஏழுதான்.

பிரகலாதன் ஒருவரையும் பார்க்காமல் கம்பியை இழுத்தான். கமலாதேவி காசு மேசைக்குப் பின்னால், கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அங்கே வேலை ஒன்றும் இருக்கவில்லை. போளை மேலே போய் நேராகக் கீழே வந்தது. இடது துடுப்பு பிந்தி எழும்பியது. எல்லாப் போளையும் முடிந்தபோது பலகையில் பதின்மூன்றாயிரம் நின்றது. எந்தக் குடையாலும் மறைக்க ஏலாத பதின்மூன்றாயிரம். வீதியில் போன முச்சக்கர வண்டிக்காரனுக்கும் தெரிந்தது.

கமலாதேவியின் வாய் திறந்தது. பழக்கம். அவள் அதைக் கையால் பொத்திக்கொண்டாள்.

பிரகலாதன் எண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு இடது கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு மறுபடி இழுத்தான்.

நாற்பத்திரண்டு. அதற்குப் பிறகு ஒரு முப்பது. அடுத்த ஆட்டத்தில் அவன் வலது துடுப்பை அநேகமாக மறந்துவிட்டு, போளையை வேண்டுமென்றே இடப்பக்கத்துக்கு விட்டு விட்டு அடித்தான். பிந்துகிற விரலுக்காக முந்தியே அமத்தினான். அதைப் பார்த்துக்கொண்டிருந்த ரிப்கா தேத்தண்ணியைக் குடிக்க மறந்துபோனாள். கடைசிப் போளை ஓட்டைக்குள் போனபோது, பலகையில் முதல் இரண்டு எண்களும் பெட்டி வந்த நாளிலிருந்து ஒருவருடைய ஆட்டத்திலும் தெரியாதவை.

“எண்பத்தொன்பதாயிரம்” என்று பிரகலாதன் தானே வாசித்தான்.

“நேத்து எண்டா அறுபத்தஞ்சு” என்றான் முனாப். “அக்கா வாசிச்சா எழுபத்தஞ்சு.”

தம்பி தமக்கையைப் பார்த்தான். சிரிக்கவில்லை, ஆனால் முகம் சுவர்ப்பக்கம் திரும்பவும் இல்லை. “நாளைக்குப் போறன்” என்றான். “பெரிய கிரேன் கேக்க மாட்டன். இடது கை இன்னும் கொஞ்சம் பிந்துது எண்டு ஏற முந்தியே சொல்லுவன். அவையள் பாத்துச் சொல்லட்டும். நீங்கள் ஒண்டும் சொல்லாதேங்கோ அக்கா.”

“நான் ஏன் சொல்லுறன்?” என்றாள் கமலாதேவி.

வியாழக்கிழமை அவள் கடையைத் திறந்தாளே தவிர, யாருக்கு என்ன கொடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. பிளேன்ரீ கேட்டவனுக்குப் பால்ரீ போனது. கேட்டவன் அதையே குடித்துவிட்டுப் போனான். வெயில் சரிகிற நேரம் பிரகலாதன் நடந்து வந்தான். நேரே குசினிக்குள் போய்ச் சோறு போட்டுக்கொண்டு, இரண்டு கவளம் விழுங்கிய பிறகுதான் கதைத்தான்.

மஞ்சள் கோடு கீறின சதுரத்துக்குள் ஒரு கொங்கிரீற் கட்டியைத் தூக்கிக் கொண்டுபோய் இறக்கச் சொன்னார்களாம். முதல் தரம் கோட்டுக்கு வெளியே இறங்கிவிட்டது. இரண்டாம் தரம் உள்ளே. மூன்றாம் தரமும் உள்ளே. கை பிந்துது என்று அவன் முந்தியே சொன்னதால், சோதித்த ஐயா கையைப் பார்க்காமல் கட்டியைப் பார்த்தாராம். பெரிய கிரேன் இப்போது இல்லை. முற்றத்துச் சின்னக் கிரேன், பக்கத்தில் இன்னொருவர் இருக்க, தைப்பொங்கல் வரைக்கும். பிறகு திரும்பப் பார்ப்பார்களாம். நாளைக்குக் காலையில் வரச் சொல்லிவிட்டார்கள்.

“முதல் தரம் எவ்வளவு தூரம் வெளியால?” என்று கேட்டாள் கமலாதேவி.

“ஒரு முழம்.”

அவள் குசினியிலிருந்து வெளியே வந்தாள். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் தற்செயலாக அந்தப் பக்கம் திரும்பியிருந்தார்கள். கமலாதேவி தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒன்றையும் விடாமல், ஒன்றையும் சேர்க்காமல் சொன்னாள். முதல் தரம் வெளியே, ஒரு முழம். பிறகு இரண்டு தரம் உள்ளே. சின்னக் கிரேன். பக்கத்தில் ஆள். சொல்லி முடித்தபோது, கல்லைத் தூக்கி வைத்ததுபோல் களைத்துப் போனாள்.

முனாப் யோசித்தான். “அப்ப உண்மையில ரெண்டு முழம் இரிக்கும்” என்றான் பக்கத்தில் இருந்தவனிடம். “ஒருக்காத்தான் உள்ள விழுந்திரிக்கும். அக்கா சொன்னதில கொஞ்சம் கழிக்கணும்.”

“ஒரு முழம்தான்!” என்று குசினிக்குள்ளிருந்து சோற்று வாயோடு கத்தினான் பிரகலாதன்.

அடுத்த நாள் காலையில் தெருவில் பலருக்கு இறங்குதுறைக் கட்டின் நுனி வரைக்கும் போக அலுவல் வந்துவிட்டது. அங்கே நின்றால் துறைமுக முற்றத்துக் கிரேன்கள் தண்ணீருக்கு அப்பால் தெரியும். கிரேனுக்குள் இருக்கிற ஆளைத் தெரியாது, கொக்கியும் கீழே நிற்கிறவர்களும்தான் தெரியும். குணரத்தினம் எங்கிருந்தோ ஒரு தூரக்கண்ணாடி கொண்டுவந்திருந்தார், ஒரு பக்கத்தால்தான் தெரியும். கமலாதேவி அதை வாங்கவில்லை. வெறும் கண்ணால், கையை நெற்றியில் வைத்துக்கொண்டு பார்த்தாள்.

சின்னக் கிரேனின் கொக்கி இறங்கியது. மற்றக் கிரேன்களைவிட மெதுவாக, நடுவில் ஒருமுறை நின்று, திரும்பவும் இறங்கியது. அதன் கீழே நின்ற ஆட்கள் சாவகாசமாக அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவரும் விலகி ஓடவில்லை.